டீசல் காரின் ஆர்.பி.எம். மீட்டர்: பழுது எங்கே?

கேள்வி: என்னுடைய பழைய டீசல் காரில் ஆல்டர்னேட்டர் பழுதானதால், சென்ற மாதம் பழைய உதிரிபாகக் கடையில் வேறொன்றை வாங்கிப் பொருத்தினேன், அப்போதே மீட்டர் போர்டு பல்புகள் அனைத்தையும் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டேன். அதன் பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை நன்றாக மிதிக்கும் வரை ஆர்.பி.எம். முள் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. பிறகு ஐட்லிங்கில் 800 காட்டவேண்டிய இடத்தில் 930 காட்டுகிறது. மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

- வாசகர் ஒருவர், மதுரை

பதில்: இப்போதைக்கு மீட்டர் போர்டைத் தொட வேண்டாம். பெட்ரோல் கார்களில் இக்னிஷன் காயிலிலிருந்து கிடைக்கும் துடிப்பை எண்ணியே முள் நகரும். டீசல் எஞ்சினில் காயில் கிடையாது என்பதால், பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் (ஒர்க்‌ஷாப்பில் இன்றும் அதற்கு டைனமோ என்றே பெயர்) ‘டபிள்யூ’ முனையிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை மீட்டர் எண்ணுகிறது. உங்கள் வண்டியும் அந்த வகைதான் என்பது, ஆல்டர்னேட்டரை மாற்றிய பின் அளவு மாறியதிலிருந்தே தெரிகிறது.

முள் காலையில் உறங்குவதற்குப் பெரும்பாலும் எல்.இ.டி.தான் காரணம். சாவியைத் திருப்பியதும் எரியும் சிவப்பு பேட்டரி விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டரைக் காந்தமாக்கும் முதல் மின்சாரம் அதன் வழியாகவே செல்கிறது. 2 வாட் இழை பல்பு ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியரைக் கடத்தும், எல்.இ.டி. கடத்துவது அதில் ஒரு சிறு பங்கே. ஆகவே எஞ்சின் வேகமெடுத்து, ரோட்டரில் எஞ்சியிருக்கும் காந்தம் போதுமான மின்சாரத்தைக் கிளப்பும் வரை சார்ஜும் இல்லை, முள்ளும் நகராது. அந்த ஒரு விளக்குக்கு மட்டும் பழைய இழை பல்பையே திரும்பப் போடுங்கள்.

930 என்ற அளவுக்கு, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சந்தேகிக்கிறேன். கழற்றிய ஆல்டர்னேட்டரின் புல்லி 70 மில்லிமீட்டரும் புதிதாக வந்ததன் புல்லி 60 மில்லிமீட்டரும் இருந்தால், அதே எஞ்சின் வேகத்தில் ஆல்டர்னேட்டர் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். 800 என்பது 933 ஆகிவிடும். இரண்டையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்து, தண்டின் அளவும் பெல்ட் பள்ளமும் பொருந்தினால், பழைய புல்லியையே மாட்டிக்கொள்ளலாம். புல்லிகள் ஒரே அளவாக இருந்தால், உள்ளே காந்த முனைகளின் எண்ணிக்கை வேறாக இருக்கக்கூடும். அப்படியானால் வண்டிக்குரிய ஆல்டர்னேட்டரைத் தேடுவதே வழி.

அதுவரை, மீட்டரில் 800 வரட்டும் என்று டீசல் பம்பிலுள்ள ஐட்லிங் ஸ்குரூவை யாரையும் திருக விடாதீர்கள். முள் 800-ஐத் தொடும்போது எஞ்சின் உண்மையில் 690-க்குச் சற்றுக் கீழே ஓடும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் வரை உதறும்.