கை தூக்க மட்டும்தானா நான்?

கேள்வி: அக்கா, மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மாதர் சங்கத் தலைவி. 2025 தேர்தலில், வட்டாரத்தில் நிற்க வைக்காமல், கட்சிக்காரர் தங்கள் பட்டியலில் பேர் போட்டு, என்னைப் பிரதேச சபை உறுப்பினராக்கினார்கள். இப்போது, "பட்டியல்ல வந்தவதானே, சொல்லும்போது கையைத் தூக்குங்க, போதும்" என்கிறார்கள். கடிதமெல்லாம் சிங்களத்தில். கூட்டத்துக்குப் போனால் அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், போகிறது. விலகிவிடவா?

பதில்: விலகாதீர்கள், தங்கச்சி. நீங்கள் விட்டுவரும் கதிரைக்கு ஆள் போடப்போவதும் அதே கட்சிதான்.

2016இல் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் திருத்தப்படும் வரை, இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பெண்கள்கூட இருந்ததில்லை. 2018 தேர்தலோடு ஐந்தில் ஒன்றைத் தாண்டியது. வட்டார வேட்பாளர்களில் பெண்களுக்குக் கட்டாயம் 10 வீதம்தான், நீங்கள் வந்த மேலதிகப் பட்டியலிலோ பாதி. அப்படியிருக்க, பெண்கள் பட்டியல் வழியாக வராமல் வேறெப்படி வருவார்கள்? வாக்கெடுப்பில் வட்டாரத்தில் வென்றவருக்கும் ஒரு கை, உங்களுக்கும் ஒரு கை.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். அந்த 25 வீதத்துக்குள் தோட்டத்துப் பெண்ணுக்கென்று தனி இடமில்லை. கட்சி மனசு வைத்தால்தான் உண்டு. அதை வைத்தே உங்களைக் கடன்காரி மாதிரி நடத்துகிறார்கள்.

மொழிக்கு வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 20ஆவது உறுப்புரைப்படி, உள்ளூராட்சி உறுப்பினர் தமிழிலேயே கடமையைச் செய்யலாம். நிகழ்ச்சிநிரலைத் தமிழில் கேட்டு, சபைச் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். அது வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஓர் உறுப்பினரைப் பார்த்தேன். பள்ளிக்கூட உடுப்போடு நின்ற மகள் கூட்ட அழைப்பைச் சொல் சொல்லாக வாசித்துச் சொல்ல, கொழுந்துக் கறை போகாத விரலால் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்.

பேர் போவதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. கூட்டத் திகதிகளை முன்கூட்டியே தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்து, அரைப்பேராவது கேட்டுப் பாருங்கள்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். "அது கம்பெனிக் காணி" என்று யாராவது சொன்னால் அந்த ஆண்டைச் சொல்லுங்கள். உங்கள் லயத்துக் கானையே, அந்த வரிசை வீடுகளின் வடிகாலையே, முதல் பிரேரணையாகக் கொண்டுபோங்கள். வழிமொழிய உங்கள் கட்சியில் ஆள் வராவிட்டால், எதிர்வரிசையில் இருக்கும் பெண் உறுப்பினரிடம் தேநீர் வேளையில் பேசுங்கள். அவருடைய லயத்துக் கானும் அடைத்துத்தான் கிடக்கும்.