வளைகளை வைத்துப் பழைய டெல்டாவைப் படிப்பது: கேள்வி பதில்

எலும்பு, சிப்பி எதுவும் இல்லாத மணற்கல்லில், பழங்கால உயிரிகள் தோண்டிக் கல்லில் பதிந்துபோன வெறும் வளைகளை வைத்து என்ன சொல்லிவிட முடியும் சார்?

நிறையச் சொல்லலாம். சிப்பி எங்கிருந்தோ அலையில் உருண்டு வந்திருக்கலாம். வளை நகராது, தோண்டிய இடத்திலேயே கிடக்கும். அன்றைக்கு அந்தத் தரை எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் நேரடிச் சாட்சி.

கீழே சேற்றுக்கல், மேலே போகப் போக மணல் பருமனாகிறது. இது டெல்டாவா, சாதாரணக் கடற்கரையா?

மணலின் பருமனை மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாது. இரண்டுமே கடலை நோக்கி வளரும்போது, ஆழத்துச் சேற்றின் மேல் கரையோர மணல் ஏறும். ஆறு கலக்காத கரையில் புயல் ஓய்ந்த நாட்களில் உயிரிகள் தரையைக் கிளறித் தள்ளிவிடும்; பல வகை வளைகள், நல்ல பருமனில் இருக்கும். டெல்டா முகப்பில் நன்னீர் கலக்கிறது, தண்ணீர் கலங்குகிறது, வண்டல் மளமளவென்று படிகிறது. நீரை வடிகட்டி உண்ணும் உயிரிகளுக்குக் கலங்கல் ஆகாது. அதனால் மணலாக இருந்தும் ஸ்கோலித்தாஸ் போன்ற செங்குத்து வளைகள் அரிதாகும். மிஞ்சுவது சில வகைதான், அவையும் சிறுத்து, விட்டுவிட்டுத் தென்படும். அலை ஆதிக்கம் மிகுந்த டெல்டாவில் இந்த வேறுபாடு மங்கிவிடும். அங்கே ஒரே இடத்தை நம்பாமல் பழைய கரை நெடுகப் பல இடங்களைப் பாருங்கள்.

வளையே இல்லாத சேற்றுக்கல் என்றால் ஆக்சிஜன் இல்லாத கடலடி என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கன்னங்கரேல் என்று மெல்லிய ஏடுகளாகப் பிரிந்தால் சந்தேகம் நியாயம்தான். ஆனால் ஒரு விரல் தடிமனுக்குச் சீரான சேறு, அடியில் மெல்லிய மணல், ஊடே தாவரத் துணுக்குகள் என்றிருந்தால், ஆறு வெள்ளத்தில் கொண்டுவந்து ஒரேயடியாகக் கொட்டியது என்றே முதலில் நினைப்பேன். கூழ் போன்ற அந்தச் சேற்றில் வளை நிற்காது. அடுக்கின் மேற்பரப்பைக் கைலென்ஸால் பாருங்கள். சில மில்லிமீட்டர் பருமனில் பிளானோலைட்டிஸ் மாதிரியான வளைகள் மேலிருந்து இறங்கியிருந்தால், வெள்ளம் ஓய்ந்தபின் உயிரிகள் குடியேறியிருக்கின்றன. அப்படியானால் ஆக்சிஜன் இருந்திருக்கிறது.

அப்புறம், பக்கத்து மணல் அடுக்கையும் விடாதீர்கள். அதன் கிடைவரிகள் ஓர் ஒடுக்கமான இடத்தில் மட்டும் கீழே வளைந்து, கூம்புக்குள் கூம்பு செருகினாற்போல் நிற்கிறதா? திடீரென்று மணல் மூடியபோது ஓர் உயிரி மேலேறித் தப்பிய தடம் அது. உச்சிவரை போயிருந்தால் பிழைத்திருக்கிறது.

ஆஃபியோமார்ஃபா என்ற வகை வளை கிடைத்தது. கரையோரம் என்று முடிவு செய்யலாமா?

அதை மட்டும் வைத்துக் கூடாது. வெளிச்சுவரில் மண் உருண்டைகள் பதித்த அந்த வளை ஆழ்கடல் மணற்கற்களிலும் உண்டு. சுற்றியுள்ள படிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

உயிரிகள் தரையை எவ்வளவு கிளறியிருக்கின்றன என்பதைக் களக்குறிப்பில் எப்படிப் பதிவது?

ஆய்வாளர்கள் டெய்லரும் கோல்ட்ரிங்கும் 1993-இல் தந்த 0 முதல் 6 வரையிலான அளவுகோல் போதும்: 0 என்றால் கிளறலே இல்லை, 6 என்றால் பழைய அடுக்கமைப்பு முழுக்க அழிந்துவிட்டது. சராசரி மட்டும் போடாதீர்கள், அடுக்கு அடுக்காக எழுதுங்கள். 0, 0, 4, 0, 1 என்று எண் தாவுகிறதே, ஆற்றின் கைவரிசை அங்கேதான் தெரியும். வெட்டிய பாறை முகத்தைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் வளைகள் பளிச்சென்று தெரியும்.