எப்போதாவது தூண்டில் போடுபவருக்கு எந்த ரீல்?

கேள்வி: லீவு கிடைத்தால் மட்டும் கோவளம், பழவேற்காடு பக்கம் தூண்டில் போடப் போவேன். கடைக்காரர் பெய்ட்காஸ்டிங் ரீல்தான் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம் சார். அந்த ரீலில் நீங்கள் வீசும்போது நரம்பு (தூண்டில் கயிறு) சுற்றிய சுருளே சுழலும். ஈயம் தண்ணீரைத் தொடும் நேரம் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தாவிட்டால், நரம்பு முழுக்கச் சிக்கு. வாராவாரம் வீசுபவருக்குக் கை பழகிவிடும். உங்களுக்கு, வீசும்போது சுருள் சுழலாமல் நரம்பு மட்டும் உருவி வரும் ஸ்பின்னிங் ரீல்தான் சரி. 4000 அளவு எடுங்கள். கொடுவா, செப்பிலி மாட்டினாலும் தாங்கும். பெட்டியில் அச்சடித்திருக்கும் பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். டிராக் குமிழை (மீன் இழுத்தால் நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போகும் என்று வைக்கும் திருகு) லேசாக இறுக்கி நரம்பை இழுத்துப் பாருங்கள். வெட்டி வெட்டி வராமல், ஒரே சீராக வர வேண்டும்.

கம்பு 8 அடி, இரண்டு துண்டாகக் கழற்றுவது, ஃபைபர் கிளாஸ். கார்பன் லேசுதான், ஆனால் பாறையில் இடிபட்டால் மறுமுறை வளையும்போது முறியலாம். இழுத்து நீட்டும் ஆன்டெனா கம்பு பைக்குள் அடங்கும். மணல் புகுந்தால் மடங்காது. வாங்குமுன், கம்பில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுங்கள். இழை மாட்டினால் அங்கே கீறல். அது நரம்பை அறுத்துவிடும். நரம்புக்கு 0.35 மில்லிமீட்டர் தடிமனில் தங்கூசி (நைலான் இழை) போதும்.

அப்புறம், உப்புத்தண்ணீர். வீடு வந்ததும் டிராக்கை இறுக்கி, ரீல்மேல் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றித் துடையுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.