இணையத்தில் தீவிரவாதப் பதிவுகளை நீக்குவது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானதா?

நீக்கலாம் என்பதுதான் என் பதில். எதை வைத்து நீக்குகிறார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்தன. செக்கிங் டேபிளில் வேலை செய்யும் பீகார்ப் பையன் ஒருவன் போனை நீட்டி, "அண்ணா, இது எந்த ஏரியா?" என்று கேட்டான். ஊரிலிருந்து அவன் அம்மா காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாராம். ஹோலி வேறு நெருங்கிவிட்டது. லீவுக்கு ஊர் போகிற கூட்டத்தைக்கூட உயிருக்குப் பயந்து ஓடுகிற கூட்டமாகப் பேசினார்கள்.

அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார். ஒரு வீடியோவில் இருந்தது, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். ஆக, படம் நிஜம். கூட எழுதியிருந்த வரிதான் பொய்.

பதிவுகளைத் தானாகப் பார்த்து நீக்கத் தளங்கள் வைத்திருக்கும் மிஷின் இதை எப்படிப் பிடிக்கும்? 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் தாக்குதலை ஃபேஸ்புக்கில் நேரலையாக விட்டான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாகவும், அதில் 12 லட்சத்துக்கு மேல் ஏற்றும்போதே தடுத்ததாகவும் ஃபேஸ்புக் சொன்னது. எல்லாம் ஒரே வீடியோவின் நகல்கள் என்பதால் அது முடிந்தது. அதை நீக்கியதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் திருப்பூர் வீடியோவுக்கு அதே வழியைப் போட்டால், பொய் பரப்பினவனோடு 'இது பொய்' என்று விளக்கினவனும் சேர்ந்து காணாமல் போவான். சிரியா போரின் கொடுமைகளுக்கு ஆதாரமாகச் சேர்த்து வைத்த வீடியோக்கள் 2017-இல் யூடியூபிலிருந்து கொத்துக் கொத்தாகப் போனதும், மிஷின் அவற்றைத் தீவிரவாத வீடியோ என்று எடுத்துக்கொண்டதால்தான்.

சரி, ஜனங்கள் கொடுக்கும் புகாரை வைத்து நீக்கலாமே என்றால், எனக்கு இன்னும் பயம். எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய 'மாதொருபாகன்' நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் கொடுத்தார்கள். கடையடைப்பு நடந்தது, நாமக்கல் கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே ஃபேஸ்புக்கில் அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்ல 2016 ஜூலை ஆனது. மனசு புண்பட்டவர்களின் தலையை எண்ணி நீக்குவதென்றால், ஆள் திரட்டத் தெரிந்தவன் வைத்ததுதான் சட்டம்.

கோடு போட நமக்கு ஒரு அளவு ஏற்கனவே இருக்கிறது. 2015 மார்ச் 24-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் மனம் நோகும்படி எழுதினாலே சிறை என்றிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவாதிப்பது, ஒன்றை ஆதரித்துப் பேசுவது, தூண்டிவிடுவது மூன்றும் வேறு வேறு. தூண்டுதல் என்ற கட்டத்தை எட்டினால்தான் கட்டுப்பாடு என்றது அந்தத் தீர்ப்பு. 'வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துட்டான்' என்று ஒருவன் எழுதினால் எனக்கு எரிச்சல்தான் வரும் (அவர்கள் இல்லாவிட்டால் பாதி பவர் டேபிள் தையல் மிஷின் ஓடாது), ஆனால் அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். 'இன்ன லைன் வீட்டில் இருக்கிறார்கள், கிளம்பி வாங்க' என்று எழுதினால் அந்த நிமிடமே தூக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய, தமிழும் இந்தியும் ஊர் நிலவரமும் தெரிந்த ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய தளங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கினால் காரணம் சொல்லி, ஆட்சேபிக்க வாய்ப்பும் தர வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தாலே பாதிச் சண்டை தீரும்.

வாட்ஸ்அப் கதை தனி. உள்ளே என்ன போகிறது என்று கம்பெனிக்கே தெரியாது, நீக்குகிற பேச்சே இல்லை. 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வைத்தார்கள். அது யார் வாயையும் மூடவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தது. இன்னும் குறைத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.