காசநோய்க் கிருமி உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது?

காசநோய் எப்படித் தொற்றுகிறது, உடம்பை என்ன செய்கிறது, நோயாளியின் தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு 13 வயது இருக்கும்போது சித்தப்பாவுக்கு டிபி வந்தது. ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் தான்லின், நம்மவர்கள் சிரியம் என்று சொல்லும் ஊரில் அப்போது இருந்தோம். அப்பத்தா சித்தப்பாவின் அலுமினியத் தட்டையும் டம்ளரையும் பின்கட்டில் தனியாகக் கவிழ்த்து வைப்பார். ராத்திரியானால் அடைமழைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அவரோடு ஒரே அறையில் ஏழு பேர் படுத்துக்கொள்வோம். தட்டால் ஒன்றும் வரப்போவதில்லை. கிருமி இருந்தது காற்றில்.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமினால், பேசினால்கூட, கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கும். அவை காய்ந்து இன்னும் சிறிதாகி, மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு போய் நுரையீரலின் கடைசி நுனியில் உள்ள காற்றறைவரை சேர்ந்துவிடும். அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் வேண்டாதது எது வந்தாலும் விழுங்கிச் செரித்துவிடக்கூடியவை. ஆனால் இந்தக் கிருமிக்கு மெழுகு மாதிரித் தடித்த உறை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே உட்கார்ந்து, செரிக்கவிடாமல் தடுத்துப் பெருகும். அதுவும் நிதானமாக. குடலில் வாழும் ஒரு சாதாரணக் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும்.

சில வாரங்களில் உடம்பு சுதாரித்துக்கொண்டு, கிருமியைச் சுற்றிச் செல்களைத் திரட்டி முடிச்சுபோலக் கட்டிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. இருமல் இருக்காது, பிறருக்கும் பரவாது. ஆனால் கிருமி சாகாமல் உள்ளே கிடக்கும். இப்படித் தொற்றியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் என்றாவது நோயாகக் கிளம்பும். எச்ஐவி, சர்க்கரை, புகைப்பழக்கம், சத்துக்குறைவு இருந்தால் இன்னும் சுலபமாக.

எனக்குச் சர்க்கரை. 38 வயதில் டிபியும் வந்தது. மூன்று வாரமாக நிற்காத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், விடிகாலையில் தலையணை நனைகிற வியர்வை. கைலியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடுப்பில் நிற்கவில்லை. பெரியவர்கள் எலும்புருக்கி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. கிருமியோடு சண்டை போட உடம்பு சுரக்கும் பொருள்களே பசியைக் கெடுத்துச் சதையைக் கரைக்கின்றன. நுரையீரல் அரிபடுவதிலும் அந்தச் சண்டைக்குப் பெரிய பங்கு உண்டு. முடிச்சின் நடுப்பகுதி செத்து, பாலாடைக்கட்டி மாதிரி ஆகி, பிறகு இளகி மூச்சுக்குழாய்க்குள் உடைத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒரு குழி. அங்கே காற்று தாராளமாகக் கிடைப்பதால் கிருமி கோடிக்கணக்கில் பெருகி, இருமலோடு வெளியே வருகிறது. பக்கத்து ரத்தக்குழாய் அரிபட்டால் கோழையில் ரத்தம். கிருமி ரத்தத்தில் கலந்து, கழுத்தில் நெறிகட்டும் கணுக்கள், முதுகெலும்பு, சிறுநீரகம், மூளையின் உறை என்று எங்கு வேண்டுமானாலும் போய்த் தங்கும்.

மருந்து, முதல் 2 மாதம் நான்கு வகை, அடுத்த 4 மாதம் இரண்டு வகை. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பதறிவிட்டேன். ரிபாம்பிசின் மாத்திரையின் நிறம்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் மாதமே பசி வந்து, இருமல் நின்று, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றியது. சித்தப்பாவும் அப்படித்தான் மூன்றாம் மாதம் நிறுத்தினார். அடுத்த மழைக்காலத்தில் நோய் திரும்பி வந்து, ஊசியும் மாத்திரையுமாக எட்டு மாதம் பட்டார். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக இப்படி அரைகுறையாக விடுவதும் ஒரு முக்கியக் காரணம். அதை நினைத்தே ஆறு மாதத்தையும் முடித்தேன்.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். சின்னவளுக்கு அப்போது 3 வயது. நோய் இல்லை என்று உறுதியானதும், இனி வராமல் இருக்க அவளுக்கும் ஆறு மாதம் ஐசோனியாசிட் கொடுத்தார்கள். என் மனைவி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைப்பாள். ஜன்னலைத் திறந்து வைத்து, காலையில் சின்னவளும் நானும் சேர்ந்தே விழுங்குவோம்.