மரபு நடைப்பாதை என்றால் என்ன? அதில் ஊர்க்காரர்களுக்கு என்ன பங்கு?

ஓர் ஊரில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் பழைய இடங்களை, நடந்தே பார்க்கும்படி ஒரே வழியில் கோத்துத் தருவதுதான் மரபு நடைப்பாதை. பெட்டிக்குள் கலைந்து கிடக்கும் போட்டோக்களை ஆல்பத்தில் வரிசையாக ஒட்டி, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது மாதிரி.

எதற்கு இந்த வரிசை? தனியாக நிற்கும் ஒரு கட்டடத்தைப் பார்க்க மெனக்கெட்டு வருபவர்கள் குறைவு. வந்தாலும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். பாதையாக இருந்தால் அரை நாள் நடப்பார்கள், வழியிலுள்ள கடைகளுக்கும் வியாபாரம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1951-இல் ஒரு பத்திரிகையாளர் சொன்ன யோசனையில் உருவான சுதந்திரப் பாதை நல்ல உதாரணம். சுமார் 4 கிலோமீட்டர், 16 இடங்கள். தரையில் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். அதன் மேலேயே நடந்தால் போதும். (செல்போனே வேண்டாம்!)

சரி, ஊர்க்காரர்கள் எதற்கு? எந்த வீட்டில் என்ன நடந்தது, எந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் நினைவில்தான் இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அதன் கதையைச் சொல்லும் பலகையை எழுதும் முன் அவர்களிடம் கேட்காவிட்டால், அப்புறம் அதைத் துடைத்து வைக்கவும் ஆள் இருக்காது. என்னைக் கேட்டால், பாதி வேலை இதுதான்.

கோட்டையும் அரண்மனையும் இருந்தால்தான் பாதை போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கிணறு, அச்சகம், தொழிலாளர் குடியிருப்பு இருந்தாலே போதும்.