இயற்கை வடிவில் பீங்கான் கலைப்பொருள் செய்ய, இலையையும் பூவையும் மண்ணில் அச்சுப் பதித்தால் போதுமா?

போதாது என்பதே என் பதில். அச்சு முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை; 16ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெர்னார் பலிசி என்பவர் இலை, சிப்பி, பல்லி, பாம்பு ஆகியவற்றிலிருந்தே நேரடியாக அச்செடுத்துத் தட்டுகள் செய்து பெயர் பெற்றார். ஆனால் அச்சு, ஒரு பொருளின் மேல்தோலை மட்டுமே தரும்.

நான் காரைக்குடியில் வசிக்கிறேன். இங்குள்ள பழைய வீடுகளின் சுவர்களில், ஜப்பானிலிருந்து வந்த, பூ வேலைப்பாடு புடைத்து நிற்கும் பளபளப்பான ஓடுகளைக் காணலாம். ஒரே அச்சில் பிறந்தவையாதலால் அந்தப் பூக்களில் ஒன்றுக்கொன்று வேறுபாடே இராது. மாறாக, ஊருணியில் காய்ந்து சாய்ந்திருக்கும் தாமரைப் பொகுட்டுகளில் (விதைகளைக் குழிகளில் தாங்கி நிற்கும் பூவின் நடுப்பகுதி) ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை.

அந்தப் பொகுட்டைத்தான் நான் முதலில் செய்ய முயன்றேன். விதைகளை முன்னதாகவே உருட்டி நன்றாகக் காயவைத்து, ஈரமான பொகுட்டின் குழிகளில் பொருத்தினேன். இரண்டு நாளில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வெடிப்பு விழுந்தது. ஈரக் களிமண், காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய 10 விழுக்காடு சுருங்கும். ஏற்கெனவே சுருங்கி முடிந்த விதையை, இன்னும் சுருங்கிக்கொண்டிருந்த குழி இறுக்கியபோது, இடமில்லாமல் சுவர் பிளந்துவிட்டது. செடியில் அப்படி நடப்பதில்லை. விதையும் பொகுட்டும் சேர்ந்தே உலர்வதால்தான், ஆட்டினால் விதைகள் கலகலவென்று ஒலிக்கின்றன. இப்போது நான் விதையையும் குழியையும் ஒரே ஈரப்பதத்தில் செய்கிறேன். விதையைச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வைத்து, குழியின் வாயைச் சற்றே குறுக்கிவிடுகிறேன். தாள் சூளையில் எரிந்துபோக, விதை வெளியே விழாமல் உள்ளேயே உருளுகிறது. சூளையில் உருகிப் பளபளப்புத் தரும் மேற்பூச்சான கிளேஸை மட்டும் குழிக்குள் படவிடக் கூடாது. அது உருகி விதையை ஒட்டிவிடும்.

தண்டை ஒரே கட்டியாக வைப்பது அடுத்த தவறு. தடித்த பகுதியில் தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகி வெளியேற வழியின்றி மண்ணைத் தெறிக்கச் செய்யும். அதைக் கடந்தாலும், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சுமார் 573 டிகிரி செல்சியஸில் திடீரென விரிவதும், ஆறும்போது அதே வெப்பநிலையில் சுருங்குவதும், தடிமனும் மெலிவும் சேரும் இடத்தைப் பிளக்கக்கூடும். தாமரைத் தண்டை நறுக்கிப் பாருங்கள், உள்ளே நெடுகத் துளைகளாகவே இருக்கும். நீங்களும் தண்டைக் குடைந்துவிட்டு, அடியில் ஒரு சிறு துளையைத் திறந்து வையுங்கள்.

பானை வனையும் கண்மாய் மண்ணே பழகுவதற்குப் போதும். அதை 1000 டிகிரிக்குள் சுடுங்கள். ஸ்டோன்வேர் எனப்படும், கல்போல் இறுகும் மண்பாண்டத்துக்குரிய 1200 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால், மெல்லிய இதழ்கள்தாம் முதலில் தளர்ந்து சரியும்.